கனமான எஸ்யூவிக்கு மேம்பட்ட பிரேக்: எந்த டிஸ்க், எந்த பேட்?

பெரிய எஸ்யூவி ஒன்றின் முன்சக்கர பேடுகள் (டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகள்) தேய்ந்து, டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) குறைந்தபட்சத் தடிமனை நெருங்கிவிட்டது என்றால், பழையபடியே வண்டியோடு வந்த அதே வகையைப் போடுவதா அல்லது இந்தச் சாக்கிலேயே சற்று மேலானதாக மாற்றிவிடுவதா என்ற கேள்வி எழுந்தே தீரும். துளையிட்ட டிஸ்க், கோடு வெட்டிய டிஸ்க், இரண்டும் சேர்ந்தது, அலுமினிய நடுப்பகுதி கொண்டது, செராமிக் பேட், அரை உலோக பேட் என்று விற்பனைப் பட்டியல் நீள்கிறது. எல்லாப் பெட்டியிலும் ‘உயர் செயல்திறன்’ என்றே அச்சிட்டிருப்பதால், எது எதற்கு என்பது வாங்குபவருக்கு விளங்குவதில்லை.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட் முதலில், பிரேக் ஆயில் இரண்டாவது, டிஸ்க்கின் இரும்பும் கனமும் மூன்றாவது, டிஸ்க்கின் முகத்தில் உள்ள துளையும் கோடும் கடைசி. பெரும்பாலானோர் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்தே பணத்தைச் செலவிடுகிறார்கள். அலாய் வீலின் இடைவெளி வழியே கண்ணில் படுவது அந்தத் துளை மட்டும்தானே.

## எதை வைத்து எடைபோடுவது

பிரேக்கின் வேலை, ஓடும் வண்டியின் ஆற்றலை வெப்பமாக மாற்றி, அந்த வெப்பத்தைக் காற்றில் கலந்துவிடுவது. 2,500 கிலோ எடையுள்ள எஸ்யூவி மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 9.6 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. வேகம் 120 ஆனால் அது 13.9 லட்சம் ஜூலாகிவிடும்; வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடியதற்கு வெப்பம் 44 சதவீதம் கூடுகிறது. முன்சக்கரங்கள் 70 சதவீதத்தைச் சுமக்கின்றன என்றும், முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 12 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிற்பதால் டிஸ்க்கின் வெப்பநிலை ஏறத்தாழ 60 டிகிரி உயரும். எந்தச் சாதாரண டிஸ்க்கும் பேடும் இதைத் தாங்கும்.

மலையிறக்கத்தின் கணக்கோ முற்றிலும் வேறு. அதே வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 1.2 கோடி ஜூல். அதாவது 100 கி.மீ. வேகத்திலிருந்து 12 முறைக்கு மேல் முழுதாக நிறுத்துவதற்குச் சமம். அவ்வளவும் பிரேக்கிலேயே இறங்கி, குளிர நேரமும் கிடைக்காவிட்டால், முன் டிஸ்க்குகள் 700 டிகிரிக்கும் மேல் சூடேற வேண்டியிருக்கும். கீழ் கியரில் இன்ஜின் பின்னிழுப்பதும், டிஸ்க்கின் உள்ளறைகள் வழியே ஓடும் காற்றும்தான் நிலைமையைக் காப்பாற்றுகின்றன. பின்னால் டிரெய்லரைக் கட்டியிருந்தால் அதன் எடைக்கேற்ப இந்தக் கணக்கும் ஏறும்.

ஆகவே முதல் அளவுகோல், உங்கள் வண்டி தொடர்ச்சியாக எவ்வளவு வெப்பத்தைக் காண்கிறது என்பது. காலையில் ஆறிக் கிடக்கும் பிரேக் முதல் மிதியிலேயே பிடிக்கிறதா என்பது இரண்டாவது. அதன் பிறகு தேய்மானம், சத்தம், வீலில் படியும் தூசி ஆகியவற்றைப் பார்க்கலாம். கடைசியாக, வாங்கும் பொருள் இப்போதுள்ள வீலுக்குள் அடங்குமா, மூன்று ஆண்டுகள் கழித்து அதற்கான மாற்று பேட் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் வாங்கும்போது கேட்பதில்லை.

அளவுகோலில் நான் வேண்டுமென்றே சேர்க்காத ஒன்று உண்டு: ஒற்றை அவசர நிறுத்தத்தின் தூரம். முழு வலுவோடு மிதிக்கும்போது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) துடிக்கத் தொடங்குகிறது என்றால், சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு பிரேக்கிடம் வலு இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயரும் சாலையும்தான். மேம்பட்ட பிரேக்கின் பலன் முதல் நிறுத்தத்தில் அல்ல, பத்தாவது நிறுத்தத்தில் தெரியும்.

## உங்கள் குறை எது?

தேர்வுக்கு முன்னால் நோயை அடையாளம் காண வேண்டும், ஏனெனில் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்ற ஒரே சொற்றொடருக்குள் நான்கு வெவ்வேறு குறைகள் ஒளிந்திருக்கின்றன.

இறக்கத்தில் பெடல் கல்லைப் போல் கெட்டியாக இருந்தும் வண்டி வேகம் குறையாமல் போனால், பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. தீர்வு வேறு பேட். பெடல் பஞ்சைப் போல் அமுங்கி உள்ளே இறங்கினால், பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உருவாகியிருக்கின்றன. அங்கே எவ்வளவு விலையுயர்ந்த டிஸ்க்கைப் போட்டாலும் பயனில்லை. வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, ஒரே சக்கரத்தின் உள் பேடும் வெளி பேடும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருந்தாலோ, காலிப்பரின் (பேடுகளைத் தாங்கி டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி) வழுக்கு ஊசிகளோ பிஸ்டனோ இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். அது சுத்தம் செய்து கிரீஸ் இடும் வேலை. மேம்படுத்தும் வேலை அல்ல.

நான்காவது, பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குவது. இதை எல்லோரும் ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்பார்கள். பெரும்பாலும் வளைவது எதுவும் இல்லை. டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லாமல் போவதே காரணம். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வேறுபாடே கைக்கு உணரத்தக்க நடுக்கத்தைத் தரும். என் வண்டியில் புதிய டிஸ்க் போட்ட சில மாதங்களில் இந்த நடுக்கம் வந்தது. டிஸ்க் மட்டமானது என்று சொல்லி, இன்னும் விலை கூடியதை வாங்கச் சொன்னார்கள். கழற்றிப் பார்த்தால், ஹப்பின் (டிஸ்க்கும் வீலும் பொருந்தும் நடுப்பாகம்) முகத்தில் இருந்த பழைய துருப்படலத்தைச் சுரண்டாமலே புதிய டிஸ்க்கை ஏற்றியிருந்தார்கள். அந்தத் துருவினால் டிஸ்க் மயிரிழை அளவு சாய்ந்து சுழல, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேட் உரசி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கழித்து அங்கே தடிமன் மாறிவிட்டது. விலை கூடிய டிஸ்க்கை அதே ஹப்பில் ஏற்றியிருந்தால் அதுவும் இப்படியே ஆகியிருக்கும்.

## டிஸ்க் வகைகள்

### சமமுக டிஸ்க், நல்ல இரும்பில்

துளையோ கோடோ இல்லாத, உள்ளே காற்றறைகள் கொண்ட வார்ப்பிரும்பு டிஸ்க். இதில் கரிமச்சத்து கூடிய வார்ப்பிரும்பால் ஆனது என்று குறிப்பிட்டு விற்கப்படுபவை உண்டு. அவை வெப்பத்தை விரைவாகக் கடத்துகின்றன, அதிர்வை நன்றாக உள்வாங்குகின்றன, வெப்ப வெடிப்புக்கும் எளிதில் இடம் கொடுப்பதில்லை. நடுப்பகுதியிலும் காற்றறையிலும் துருத்தடுப்புப் பூச்சு உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஹைபிரிட், மின்சார எஸ்யூவிகளில் மோட்டாரே பெரும்பகுதி வேகத்தைக் குறைத்துவிடுவதால் டிஸ்க் சரியாக உரசப்படாமல் துருவேறுகிறது. அவ்வண்டிகளுக்கு இந்தப் பூச்சு மிக அவசியம்.

இதன் குறை என்று சொல்லத்தக்கது அழகின்மை ஒன்றுதான். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போய்வரும் பத்து எஸ்யூவியில் எட்டுக்கு இதுவே போதும் என்பது என் மதிப்பீடு.

### துளையிட்ட டிஸ்க்

பழைய காலத்து பேடுகளில் இருந்த பிசின் சூட்டில் வாயுவைக் கக்கும். அந்த வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே மெத்தை போல் தங்கிப் பிடியைக் குறைக்கும். அது வெளியேற வழியாக வந்தவை துளைகள். இன்றைய பேடுகளில் அந்தச் சிக்கல் மிகவும் குறைந்துவிட்டது. மழையில் நீர்ப்படலம் விரைவில் விலகுவதும், டிஸ்க் சற்று இலகுவாவதும் எஞ்சியுள்ள நன்மைகள்.

ஆனால் கனமான வண்டிக்கு டிஸ்க் இலகுவாவது நன்மையா? வெப்பத்தை உள்வாங்கும் இரும்பைக் குறைக்கிறோம் என்பதே அதன் பொருள். அதோடு, கடுமையாகச் சூடேறிக் குளிரும் சுழற்சியில் துளைகளின் விளிம்பிலிருந்து நுண்வெடிப்புகள் தொடங்குகின்றன. அவை ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கோ, டிஸ்க்கின் விளிம்புக்கோ நீண்டுவிட்டால் டிஸ்க்கை உடனே மாற்றியாக வேண்டும். சேற்றுப் பாதையில் ஓட்டினால் துளைகளில் மண் இறுகி அடைத்துக்கொள்ளும். டிரெய்லர் இழுப்பவருக்கும் மலையில் இறங்குபவருக்கும் இதை நான் பரிந்துரைப்பதில்லை.

### கோடு வெட்டிய டிஸ்க்

முகத்தில் ஆழம் குறைந்த வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை சுழலும்போது பேடின் மேற்பரப்பை மெல்லச் சீவி, சூட்டில் கண்ணாடி போல் பளபளப்பேறிய படலத்தை நீக்குகின்றன. சேற்றையும் நீரையும் வழித்தெடுக்கின்றன. பள்ளம் டிஸ்க்கை ஊடுருவிச் செல்லாததால் வெடிப்பின் அச்சம் துளையிட்டதைவிடக் குறைவு. பாரம் ஏற்றிக்கொண்டு கரடுமுரடான பாதையில் போகும் எஸ்யூவிக்கு, சமமுக டிஸ்க்கைத் தாண்டி ஏதாவது ஒன்று வேண்டுமென்றால் அது இதுதான்.

இதற்குக் கொடுக்கும் விலை இரண்டு. பேட் விரைவாகத் தேயும். அழுத்தி பிரேக் பிடிக்கும்போது உறுமல் போன்ற ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கோளாறல்ல என்று ஒவ்வொரு பயணியிடமும் விளக்க வேண்டிவரும். துளையும் கோடும் சேர்ந்த வகை இரண்டின் நன்மையையும் தருவதாக விற்கப்படுகிறது. துளைகளின் பலவீனம் அதில் அப்படியே இருக்கிறது என்பதால் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

### இரு துண்டு டிஸ்க்

உரசும் வளையம் வார்ப்பிரும்பாகவும் நடுப்பகுதி அலுமினியமாகவும் இருக்கும். சூட்டில் விரியும் வளையத்துக்கு இடம் கிடைப்பதால் அது கூம்பாகக் குவிவதில்லை. வண்டியின் தொங்காத எடையும் (சஸ்பென்ஷன் தாங்காத, சக்கரத்தோடு சேர்ந்த எடை) குறைகிறது. வேகமாக ஓட்டப்படும் பெரிய எஸ்யூவிகளில் இதற்கு நியாயம் உண்டு. சாதாரணப் பயன்பாட்டில், இணைப்பு ஊசிகள் துருப்பிடிப்பதும் மெல்லிய கடகடப்பும் தொல்லையாகலாம். வளையத்தை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள்; உங்கள் வண்டிக்கு அந்த வளையம் தனியே விற்கப்படுகிறதா என்பதை வாங்குமுன் உறுதிசெய்யுங்கள். கார்பன் செராமிக் டிஸ்க், வண்டியோடு வந்திருந்தாலன்றி, இந்த ஒப்பீட்டுக்குள் வராத விலையில் நிற்கிறது.

### பெரிய டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் கொண்ட தொகுப்பு

மேலே சொன்னவற்றில் எதுவும் பிரேக்கின் அடிப்படை வலுவை மாற்றுவதில்லை, இது மாற்றும். 330 மி.மீ. விட்டத்துக்குப் பதில் 360 மி.மீ. டிஸ்க் என்றால், அதே அழுத்தத்தில் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதல் திருப்புவிசை கிடைக்கும். அதைவிட முக்கியமாக, வெப்பத்தை வாங்கிக்கொள்ளக் கூடுதல் இரும்பு கிடைக்கும். 31 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குலம் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்தும், ஏனெனில் டயர் உயர்ந்ததாலேயே தரையில் கிடைக்கும் பிரேக் விசை 6 சதவீதம் அளவுக்குக் குறைந்திருக்கும். டயரின் சொந்த எடையும் அதற்கு மேல் சேரும்.

சிக்கல்களும் இங்கேதான் மிகுதி. பெரிய காலிப்பர் இப்போதுள்ள வீலின் உட்புறத்தில் இடிக்கலாம். பிரதான வீல்களை மாற்றிவிட்டு ஸ்டெப்னியை மறந்துவிடுபவர்கள் உண்டு. அது பஞ்சரான நாளில்தான் தெரியவரும். காலிப்பரின் மொத்த பிஸ்டன் பரப்பு கூடினால், மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் பாகம்) அதிக ஆயிலைத் தள்ள வேண்டியிருப்பதால் பெடல் முன்பைவிட ஆழமாக இறங்கும். முன்புறத்தை மட்டும் வலுவாக்கினால் முன்-பின் சமநிலையும் குலையும். ஆகவே இதே மாடலுக்கென்றே கணக்கிட்டுத் தயாரித்த தொகுப்பைத் தவிர, பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டுவதை ஏற்கவே முடியாது. வாகனப் பதிவு விதிகளும் காப்பீட்டு நிபந்தனைகளும் இத்தகைய மாற்றத்தை அனுமதிக்கின்றனவா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

## பேட்: உண்மையான முடிவு இங்கே

டிஸ்க்கைவிட பேடின் கலவைதான் ஓட்டுநரின் காலுக்கு வேறுபாட்டை உணர்த்துகிறது. நார்களைப் பிசினால் இறுக்கிய ஆர்கானிக், செராமிக் இழைகள் கலந்த செராமிக், உலோகத் தூளும் இழையும் மிகுந்த அரை உலோகம் என்ற மூன்று முக்கிய வகைகளையும் அளவுகோல்களின்படி கீழே நிறுத்தியிருக்கிறேன்.

| அளவுகோல் | ஆர்கானிக் | செராமிக் | அரை உலோகம் |
|---|---|---|---|
| ஆறிய நிலையில் முதல் பிடி | மென்மை, போதுமானது | சீரானது | கூர்மையானது. மிகக் குளிரில் சற்றுத் தாமதம் |
| நீண்ட இறக்கம், பாரம் | விரைவில் தளரும் | நடுத்தரம். தயாரிப்பைப் பொறுத்தது | மூன்றிலும் சிறந்தது |
| தூசி | நடுத்தரம் | குறைவு, வெளிர் நிறம் | மிகுதி, கறுப்பு |
| சத்தம் | குறைவு | மிகக் குறைவு | கூடுதல் |
| டிஸ்க் தேய்மானம் | குறைவு | குறைவு | கூடுதல் |
| பொருந்துவது | இலகுவான நகரப் பயன்பாடு | நகரம், நெடுஞ்சாலை | மலை, டிரெய்லர், முழுப் பாரம் |

அட்டவணையில் அடங்காத நுணுக்கம் ஒன்று உண்டு. அரை உலோக பேட் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். டிஸ்க்கின் சூட்டை வாங்கித் தன் முதுகுத் தகடு வழியாக பிஸ்டனுக்கும், அதன் பின்னே நிற்கும் பிரேக் ஆயிலுக்கும் அனுப்பிவிடும். பேட் தாக்குப்பிடிக்கிறது, ஆயில் கொதிக்கிறது என்ற நிலை இப்படித்தான் வருகிறது. அரை உலோகத்துக்கு மாறுபவர் புதிய ஆயிலையும் அதே நாளில் ஊற்ற வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

பேடின் விளிம்பில் அச்சிட்டுள்ள குறியீட்டின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். ‘இ’ என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. முதல் எழுத்து சாதாரணச் சூட்டுக்கும் இரண்டாவது மிகுந்த சூட்டுக்கும் உரியவை. கனமான வண்டிக்கு இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிடத் தாழாமல் இருப்பது முக்கியம். எனினும் இது சிறு சதுரத் துண்டொன்றைச் சோதித்துத் தரப்படும் குறியீடு. பேடின் ஆயுளையோ சத்தத்தையோ இது சொல்லாது. ஐக்கிய நாடுகளின் 90ஆவது வாகன ஒழுங்குவிதிப்படி சான்று பெற்ற பேடாக இருந்தால், அதன் செயல்திறன் அசல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்குள்தான் வேறுபடும். சமநிலை குலையும் அச்சம் உள்ளவருக்கு அதுவே பாதுகாப்பான வழி.

பழைய மதிப்பீடுகளைப் படித்துப் பேட் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்காவின் கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்கள் பேடில் செம்பின் அளவை 2021இல் 5 சதவீதத்துக்குள்ளும் 2025இல் 0.5 சதவீதத்துக்குள்ளும் கட்டுப்படுத்தியதால், பல தயாரிப்புகள் பெயர் மாறாமலே கலவை மாறியிருக்கின்றன. பத்தாண்டுக்கு முன் ஒருவர் புகழ்ந்த பேட் இன்று அதே பேட் அல்ல.

பந்தயத்துக்கான பேடை சாலை எஸ்யூவியில் போடவே கூடாது. அது சூடேறிய பிறகுதான் பிடிக்கும். வீட்டு வாசலிலிருந்து கிளம்பி முதல் திருப்பத்தில் ஒரு குழந்தை குறுக்கே வந்தால் அந்தச் சூடு இருக்காது.

## பெட்டியில் எழுதாத செலவுகள்

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். ‘டாட்’ என்பது பிரேக் ஆயிலின் தரவகை. டாட் 3 ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 205 டிகிரி, ஈரமேறிய பின் 140, டாட் 4க்கு 230, 155, டாட் 5.1க்கு 260, 180. இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை மாற்றும் பழக்கம் இல்லாதவரின் வண்டியில் எந்த மேம்பாடும் பாதியிலேயே நின்றுவிடும். எண் ஒன்றுபோல் தெரிந்தாலும் டாட் 5 சிலிக்கான் வகையைச் சேர்ந்தது. அதை மற்றவற்றுக்குப் பதிலாக ஊற்றக் கூடாது.

துளையிட்ட, கோடு வெட்டிய டிஸ்க்குகளை லேத்தில் சீராகக் கடைவது கடினம் என்பதால், சிறு குறைக்கும் புதிதே வாங்க நேரும். மின் கைபிரேக் உள்ள வண்டியில் பின் பேடை மாற்ற, பிஸ்டனைப் பின்வாங்கச் செய்யும் பராமரிப்பு நிலைக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கருவி இல்லாத இடத்தில் பிஸ்டனை நெருக்கித் தள்ளினால் மோட்டார் கெடும். தேய்மான உணரி புதிய பேடோடு வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

## எந்தச் சூழலில் எது

நகரத்திலும் சமதள நெடுஞ்சாலையிலும் ஓடும் வண்டிக்குக் கரிமச்சத்து கூடிய சமமுக டிஸ்க்கும் செராமிக் பேடும். ஏழு பேரோடும் சாமான்களோடும் அடிக்கடி மலையேறி இறங்குபவருக்கு அதே சமமுக டிஸ்க், அரை உலோக பேட், புதிய டாட் 4 ஆயில். டிரெய்லரும் மண்பாதையும் சேர்ந்தால் கோடு வெட்டிய டிஸ்க்கைக் கருதலாம். பெரிய டயர் மாட்டி, அதன் பிறகு பெடலை அழுத்தமாக மிதிக்க வேண்டியிருப்பதாக உணர்பவருக்கு மட்டுமே பெரிய தொகுப்பு. லேசாக மிதித்தாலே ஏபிஎஸ் துடிக்கும் வண்டியின் உரிமையாளர் இந்தப் பட்டியலில் எதையும் வாங்காமல் டயர்க் கடைக்குப் போகலாம்.

எதை வாங்கினாலும், மாட்டிய பிறகு பழக்க வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை எட்டு, பத்து முறை மிதமாகப் பிரேக் பிடித்து, ஒவ்வொரு முறைக்கும் இடையே சற்று ஓடவிட்டு, கடைசியில் பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிட வேண்டும். நடுவில் முழுதாக நிறுத்திப் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தால், சூடான பேடின் பொருள் டிஸ்க்கில் அந்த ஓரிடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் எதிரெதிர் வரிசையில், வண்டிக்கான கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். காற்றழுத்தத் துப்பாக்கியால் இஷ்டத்துக்கு முறுக்கிய நட்டும் டிஸ்க்கை ஹப்பின் மேல் சாய்த்துவிடும்.